காளைக்கன்று போட்ட மாட்டுப் பால்

என் மூத்த மகளுக்கு மூன்று வயது முடிந்தபோது, அடுத்தது பையனாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர்கள் என் மாமியாரும், ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் கணவரின் அக்காவும். என்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டார்கள். "உனக்கும் ஆசை இருக்குமில்ல அம்மணி" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் பிறந்தது ஓமலூர்ப் பக்கம். அப்பா உரக்கடை வைத்திருந்தார். திருச்செங்கோட்டுக்கு அருகில் ஒரு கிராமத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். என் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். போர் போடுவதற்காக மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்விட்டால், வீடு திரும்ப இரண்டு மாதம்கூட ஆகும். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் நானும் மகளும் மாமியாரும் மட்டும்தான். கொழுந்தனாருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை.

நாத்தனாருக்கு இரண்டும் பையன்கள். அந்த ஒரு தகுதியில் அவர் இந்த விஷயத்தில் டாக்டருக்குச் சமமாகிவிட்டார். போனில் யார் யாரோ பேசும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பை நிறைய வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். பெண் உப்பான சாப்பாடாகச் சாப்பிட்டால் பையன் பிறக்குமாம். தினமும் வாழைப்பழம் தின்ன வேண்டுமாம். பால், தயிர், மோர், பாதாம், முந்திரி எதையும் கண்ணாலும் பார்க்கக் கூடாதாம். இத்தனை விதிகளும் எனக்கு. என் கணவருக்கு ஒரே ஒரு விதிதான். காபி குடிக்க வேண்டும்.

தயிர் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அம்மா வீட்டில் அப்படி வளர்ந்துவிட்டேன். அந்த மாதங்களில் என் தட்டில் ஊறுகாயும் கருவாடும் உப்பு தூவிய உருளைக்கிழங்கும்தான் இருந்தன. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமியார் எதிரில் உட்கார்ந்திருப்பார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் "தின்னு சாமி, நல்லாத் தின்னு" என்றுதான் சொல்வார். அந்தச் சாமி என்ற வார்த்தையில் இருந்த பிரியம் பொய்யில்லை. அதனால்தான் அதை எதிர்க்க முடியவில்லை.

சாப்பாட்டைவிட நாள் பார்த்ததுதான் கொடுமை. எந்தெந்த நாளில் சேர்ந்தால் பையன் என்று நாத்தனார் கணக்குப் போட்டுச் சொல்வார். என் மாதவிலக்கு எப்போது என்பது ராசிபுரம் வரைக்கும் போய், அங்கிருந்து தேதியாகத் திரும்பி வரும். மாமியார் என் முன்னாலேயே மகனுக்குப் போன் போட்டு, இந்தத் தேதிக்கு ஊட்டுல இருக்கோணும் என்பார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஓட்டுநரையும் ஆட்களையும் அங்கேயே விட்டுவிட்டு இரண்டு ரயில் மாறி அவர் வந்து சேர்வார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வண்டியில் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். ஒவ்வொரு மாதமும் அதே தேதிவாக்கில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன நினைப்பார்கள்? திரும்பிப் போனதும் ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம். அதைச் சொல்லி என்னிடம்தான் கோபித்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் அவர் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டேன்.

"ஏனுங்க, பத்தாவதுல படிச்சது ஞாபகம் இருக்குதுங்களா? ஆணா பொண்ணாங்கறது ஆம்பளைகிட்டயிருந்து வாரதுதான். நான் எதைத் தின்னாலும் அது மாறாதுங்க."

அவர் சக்கரத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து காட்டியிருப்பேன்.

"டிப்ளமோ படிச்சவனுக்கு அதுகூடத் தெரியாதா? அதுக்குன்னு எங்கம்மாகிட்டப் போயி, கொறை உம்பட பையன்கிட்டத்தான்னு சொல்லோணுமா?"

"கொறைன்னு யாருங்க சொன்னாங்க?"

"தின்னா ஒண்ணும் ஆயிராது. அம்மா மனசு ஆறட்டும், விடு" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அறியாமையால் செய்தவர்களை மன்னிக்கலாம். மாமியாரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். தெரிந்தே காபியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தவரைத்தான் என்னால் முடியவில்லை.

சில மாதங்களில் நாள் தள்ளிப்போனது. இனி உப்பும் வாழைப்பழமும் போதும் என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் இனிமேல்தான் முக்கியமான மருந்து என்றார் நாத்தனார். சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் ஒருவர் மருந்து கொடுக்கிறார். கரு தங்கின இரண்டாம் மாதத்திலேயே சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பலிக்காது.

நாங்கள் போனபோது தகரம் வேய்ந்த கொட்டகையின் முன்னால் வெளியூர் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. வயதான யாரையோ எதிர்பார்த்துப் போனேன். நாற்பது வயதுகூட இருக்காது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். மடியிலிருந்த என் மகளைத் திருப்பி உட்கார வைத்து, பிடரியில் முடி எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். அடுத்தது என்னவென்று அதில் தெரியுமாம்.

"கரு இன்னும் ஆணும் ஆகலீங்க, பொண்ணும் ஆகலீங்க. இப்ப நாம எந்தப் பக்கம் திருப்பறமோ அந்தப் பக்கம் திரும்பீரும்" என்றார், வண்டியைத் திருப்புவதைச் சொல்வதுபோல.

ஒரு பொட்டலம் கொடுத்தார். கரும்பச்சைப் பொடி. சூரியன் வருவதற்கு முன்னால், கிழக்கே பார்த்து நின்று, காளைக்கன்று போட்ட மாட்டின் பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். பாக்கெட் பால் ஆகாது. கிடாரிக் கன்று போட்ட மாட்டின் பால் கலந்தால் மருந்து எதிராக வேலை செய்துவிடும்.

எங்கள் ஊரில் பால் மாடு இல்லாத வீடு குறைவு. அதனால் இது சுலபம் என்று நினைத்தார் மாமியார். ஆனால் எந்தக் கட்டுத்தறியைப் பார்த்தாலும் கிடாரிக் கன்றாகவே நின்றது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, இப்போது மாட்டுக்குப் புது ஊசி வந்துவிட்டது, அதைப் போட்டால் அநேகமாகக் கிடாரிதான் பிறக்கும் என்று. காளைக்கன்றை வைத்துக்கொண்டு யார் தீனி போடுவார்கள்? நாத்தனார் விடவில்லை. சினை ஊசி போடுகிறவர் பைக்கில் வந்தபோது வழிமறித்து, இதே மாதிரி மனுசனுக்கு ஒண்ணு இல்லீங்களா என்று கேட்டார். அந்த ஆள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படிச் செய்தால் சட்டத்தில் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, "மாட்டுக்கு எல்லாரும் பொட்டையத்தானுங்க கேக்கறாங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

கடைசியில் சங்ககிரி ரோட்டில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரிடம் காளைக்கன்றோடு ஒரு மாடு அகப்பட்டது. அந்தக் கன்றைச் சந்தைக்கு அனுப்ப அவர் தயாராக இருந்தார். மாமியார் போய்க் கெஞ்சியதால், நான் மருந்து குடித்து முடிக்கும்வரை விட்டுவைத்தார். தினமும் இருட்டோடு ஒரு தூக்குப் போசியில் பால் வரும். பொடியைக் கலக்கினால் பச்சைச் சாணியின் நிறம். வேம்பும் துருவும் கலந்ததுபோல ஒரு வாடை. முதல் நாள் குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டேன். மாமியார் என் முதுகைத் தடவிவிட்டு, இன்னொரு டம்ளர் கலக்கிக் கொடுத்தார். பொடி தீர்ந்த மறு வாரம் அந்தக் கன்றை விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் என் மகளைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் குழந்தையின் வாயிலிருந்து வருவதுதான் நடக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. வருகிறவர் போகிறவர் எல்லாம் அவளிடம், அம்மா வயித்துல என்ன இருக்குது, தம்பியா பாப்பாவா என்று கேட்பார்கள். முதலில் அவள் பாப்பா என்றாள். அவள் வயதுப் பிள்ளைக்கு விளையாடப் பாப்பாதானே வேண்டும்? மாமியாரின் முகம் வாடியதைப் பார்த்தாள். தம்பின்னு சொல்லு கண்ணு, முறுக்குத் தாரேன் என்றார்கள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் தம்பி என்றாள். கேட்காதவர்களிடமும் போய்ச் சொன்னாள்.

ஸ்கேன் எடுக்கப் போனபோது நாத்தனாரும் கூட வந்தார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று பெரிய எழுத்தில் எழுதிய போர்டின் கீழேயே உட்கார்ந்து, கதவைத் திறந்து வருகிற நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை நல்லா இருக்குதுங்க என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அது போதும். பொட்டப்புள்ளைன்னா இப்படிச் சிரிச்சுச் சொல்லுவாளா என்று வீடு வரும்வரை நாத்தனார் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு நர்ஸின் சிரிப்பை நம்பி மாமியார் குலசாமிக்கு வேண்டுதல் வைத்தார்.

ஏழாம் மாதம் எனக்குப் பிரஷர் ஏறியது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் அம்மா, உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் தின்ற உப்பையும் குடித்த பொடியையும் அவரிடம் சொன்னேன். அதனால்தான் வந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். ஆனால் அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று தெரியாமல் குடித்தாயே, குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் யாரைக் கேட்பாய் என்றார். அவர் திட்டியது எனக்கு வலிக்கவில்லை. யாராவது திட்ட மாட்டார்களா என்றுதான் இருந்தது.

தேதிக்கு முன்பே ஆபரேஷன் செய்ய வேண்டியதாகிவிட்டது. அன்று காலையில், கூடவே குடும்பக்கட்டுப்பாடும் செய்துகொள்கிறாயா என்று கேட்டார்கள். கேட்டபோது மாமியார் பக்கத்தில் இருந்தார். அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க என்று அவரே பதில் சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார். அவர் போனதும் நான் டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"வீட்டுக்காரர் கையெழுத்து வேணுங்களா?" என்று கேட்டேன்.

"உங்க கையெழுத்து போதும். ஆனா நல்லா யோசிச்சுக்குங்க. பொறக்கறது பொண்ணா இருந்தா வீட்டுல பிரச்சினை பண்ண மாட்டாங்களா?"

"எதுவாப் பொறந்தாலும் பண்ணீருங்க. இன்னொருக்கா என்னால முடியாதுங்க."

பிறப்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டேன் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். பெண் பிறந்த ஆத்திரத்தில் செய்துகொண்டேன் என்றுதான் இன்றும் எங்கள் சொந்தத்தில் பேச்சு.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் படுத்திருந்தேன். குழந்தையை எடுத்ததும் நர்ஸ் என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, என்ன குழந்தைன்னு நீங்களே சொல்லுங்க என்றார். பிறகு தகராறு வரக் கூடாது என்று எல்லாத் தாய்மார்களிடமும் அப்படிக் கேட்பார்கள். "பொண்ணு" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. அவள் கால்களை உதறிக்கொண்டு நல்ல சத்தமாக அழுதாள். அந்தப் பொடியையும் உப்பையும் பிரஷரையும் தாண்டி ஒரு குறையுமில்லாமல் வந்து சேர்ந்திருந்தாள்.

மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை, அழவில்லை. பக்கத்துக் கட்டில்காரி என்ன குழந்தை என்று கேட்டபோது, "இதுவும்" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் என் மூத்தவளைக் கூட்டிவந்தார்கள். அவள் தொட்டிலை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மாமியார், விளையாட்டாகவா வேதனையிலா தெரியவில்லை, அவள் கன்னத்தைப் பிடித்து, "நீதான தம்பின்னு சொன்ன? பொய்யாப் போச்சு பாரு" என்றார்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு தொட்டில் பக்கமே வரவில்லை. வீட்டுக்கு வந்தும் பல நாள் பாப்பாவைத் தொடவில்லை. ஒரு மத்தியானம் நான் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் மெதுவாச் சொல்லிட்டேன். சத்தமாச் சொல்லியிருந்தா தம்பி வந்திருக்கும்."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, அப்படியெல்லாம் இல்லை, பாப்பாவைத்தான் நாம் கேட்டோம் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

நான் கட்டுப்பாடு செய்துகொண்டது ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, மூன்றாம் நாள் நர்ஸ் வாயிலிருந்து மாமியாருக்குத் தெரிந்தது. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். இப்படி வேரோட அறுத்துப் போட்டுட்டயே அம்மணி என்றார். மறுநாள் என் கணவர் வந்தார். குழந்தையைக் கையில் எடுத்துப் பார்த்தார், மூக்கு தன்னைப்போல இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன். "பைக் கழுவுன அன்னைக்கு எங்கிட்டச் சொன்னதை, அத்தைகிட்டயும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம்."

அவர் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வெளியே போனார். அந்த வாரமே வண்டிக்குத் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. மருந்து ஏன் பலிக்கவில்லை என்று நாத்தனார் சேந்தமங்கலத்துக்காரருக்குப் போன் போட்டார். மருந்தில் தப்பில்லை, உள்ளே தங்கவில்லை என்றார் அவர். முதல் நாள் வாந்தி எடுத்தது அப்போது எல்லோருக்கும் நினைவு வந்தது. அதோடு, நாள் தள்ளிப்போவதற்கு முன்பு ஓமலூரில் என் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பந்தியில் நான் தயிர் போட்டுச் சாப்பிட்டதை யாரோ பார்த்திருந்தார்கள். நாத்தனார் அதையும் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ஒரு கரண்டித் தயிரில் ஒரு பையன் போய்விட்டான். என் கணவர் காபி குடித்தாரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆனது. அவர் மனைவியும் அதே கொட்டகைக்குப் போனாள், அதே பொடியைக் குடித்தாள். பையன் பிறந்தான். சேந்தமங்கலத்துக்காரருக்கு வேட்டி துண்டு எடுத்துக்கொண்டு நாத்தனாரே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பெண் கள்ளம் கபடம் தெரியாதவள். தானும் இரண்டு நாள் வாந்தி எடுத்ததாக என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதை நான் மாமியாரிடம் சொன்னேன். அதற்கு அவர், "அவ வாந்தியெடுத்தாலும் அவ வவுறு நல்ல வவுறு" என்றார்.

அந்த மருந்துக்குத் தோல்வியே கிடையாது என்று எனக்கு அப்போது புரிந்தது. பையன் பிறந்தால் மருந்து. பெண் பிறந்தால் நான்.

இப்போது சின்னவளுக்கு ஆறு வயது. போன மழைக்காலத்தில் வேலை இல்லாமல் வண்டி ஷெட்டில் நின்றதால் என் கணவர் வீட்டில் இருந்தார். எதிர்வீட்டுக்கு வந்திருந்த புதுமணத் தம்பதி ஒரு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பையனும் ரிக் தொழில்தான். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கொல்லிமலை அடிவாரத்தில் மருந்து கொடுக்கிறாராமே, எப்படிப் போவது என்று கேட்டான். நாள் தள்ளிப்போயிருந்த அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சமையலறையில் இருந்தேன். இப்போதாவது சொல்வார் என்று அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். அவர் வழி சொன்னார். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எந்த ரோட்டில் திரும்ப வேண்டும், எந்தக் கிழமையில் கூட்டம் குறைவு என்று விவரமாகச் சொன்னார்.

"போய்ப் பாருங்க தம்பி. எங்களுக்குத்தான் தப்பிப் போச்சு. எந்தம்பிக்குப் புடிச்சுது."

சின்னவள் அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு வண்ணப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு நான் வெளியே வந்து, உங்களுக்குத்தான் தெரியுமே, பிறகு ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். போகாதே என்று சொன்னால் நமக்குப் பொறாமை என்று நினைப்பார்கள் என்றார். டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்துப் பேசினேன், அது வேறு விஷயம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரிங்கக்கா என்றாள். அடுத்த வாரம் அவர்கள் கார் வைத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் வந்து போன அன்று சாயங்காலமே சின்னவள் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, தப்பிப் போச்சுன்னா என்ன? அப்பா என்ன சொன்னாரு?"

"ஒரு போர்ல தண்ணி வரலியாம் கண்ணு. அதச் சொன்னாரு" என்றேன்.

அவள் சரி என்று பென்சிலை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மூத்தவள் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் எழுதத் தொடங்கினாள்.